11 டிகிரி தண்ணீரில் ஈட்டி மீன்பிடிக்க எத்தனை மி.மீ. வெட்சூட்?

புதுமுக்குளி:

வணக்கம். கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் இருக்கிறேன். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை மான்டரேயிலும், வடக்கே சோனோமா கடற்கரையிலும் ஈட்டித் துப்பாக்கியோடு இறங்கத் திட்டம். சிலிண்டர் கிடையாது, தம் கட்டி முங்குவதுதான். ஆழம் பெரும்பாலும் 5 முதல் 10 மீட்டர். ஒரு தடவை இறங்கினால் இரண்டு மணி நேரமாவது தண்ணீரில் இருக்கவேண்டும். குறி லிங்காட், ராக்ஃபிஷ், கேபசான் ஆகிய பாறை மீன்கள்.

என்னிடம் இருப்பது முதுகில் ஜிப் வைத்த 4/3 சர்ஃப் சூட். உள்ளே ஒரு 2 மி.மீ. வெஸ்ட் போட்டு இதையே ஓட்டிவிடலாமா? புதிதாக எடுப்பதென்றால் 5 மி.மீ.யா, 7 மி.மீ.யா? ஒரு சூட்டுக்குத்தான் பணம் இருக்கிறது. உயரம் 175 செ.மீ., எடை 78 கிலோ, சீக்கிரம் குளிர் எடுக்கும் உடம்பு. கடையில் கேட்டால், 7 போட்டால் மிதந்துகொண்டே இருப்பாய், கீழே போகவே முடியாது, 5 போதும் என்கிறார்கள். இணையத்தில் பார்த்தால் 7 இல்லாமல் இறங்காதே என்கிறார்கள். எதை நம்புவது?

கெல்ப்காடு:

7 மி.மீ. எடுங்கள். ஆனால் எந்த 7 என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் தண்ணீர். இந்தக் கரையில் காலண்டரைப் பார்த்து சூட் எடுக்க முடியாது. மார்ச் கடைசியிலிருந்து ஜூலை வரை வடமேற்குக் காற்று கரையை ஒட்டி விடாமல் அடிக்கும். பூமி சுழல்வதால் மேல்தண்ணீர் காற்று போகும் திசைக்கு வலப்பக்கமாக, அதாவது கரையை விட்டு வெளியே தள்ளப்படும். அது காலி செய்த இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறி வரும். அதனால் வெயில் நன்றாக அடிக்கிற மே மாதத் தண்ணீர் ஜனவரியைவிடக் குளிராக இருக்கும். ஏப்ரல் முதல் ஜூன் வரை 9 முதல் 11 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று ஓய்ந்தபிறகு செப்டம்பர், அக்டோபரில் 13, சில நாள் 15 வரை ஏறும். நீங்கள் சொல்கிற மாதங்களில் பாதி, ஆண்டிலேயே மிகக் குளிர்ந்த தண்ணீர்.

கிளம்பும் முன் அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பான நோவாவின் மிதவைகள் காட்டும் வெப்பநிலையைப் பாருங்கள். மான்டரேக்கு 46042 எண் மிதவை, சோனோமா பக்கம் போடேகா பேக்கு 46013. இரண்டும் கரையிலிருந்து வெகுதூரத்தில் இருப்பவை, மேல்தண்ணீரை மட்டும் அளப்பவை. காற்று அடித்த வாரத்தில் கரையோரம் அதைவிட ஓரிரு டிகிரி குறைவாக இருக்கலாம். கெல்ப் என்கிற உயரமான கடற்பாசிக்கு அடியில், பாறைப் பிளவுக்குள் தலையை விடும் ஆழத்தில் இன்னும் குறையும். லிங்காட் இருப்பது அங்கேதான்.

4/3 சூட் இதற்கு ஏன் ஆகாது? 4 என்பது உடம்புப் பகுதி, 3 என்பது கை கால். சர்ஃப் செய்பவர் பாதி நேரம் தண்ணீருக்கு வெளியே, மீதி நேரம் கையால் தண்ணீரைத் துழாவிக்கொண்டு இருப்பார். உடம்பு தானே சூடு உண்டாக்கும். நாம் செய்வது நேர்மாறு. இதயத் துடிப்பை இறக்குவதற்காக மேலே அசையாமல் படுத்துக் கிடக்கிறோம், கீழே போய் அதைவிட அசையாமல் காத்திருக்கிறோம். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும். போதாததற்கு, நியோப்ரீன் என்பது ரப்பருக்குள் அடைபட்ட வாயுக் குமிழிகள். 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு, குமிழிகள் பாதியாகச் சுருங்கப் பார்க்கும். ரப்பரும் தடிமனில் ஒரு பங்கு என்பதால் சூட் சரிபாதியாக மெலியாது, ஆனால் நன்றாகவே மெலியும். அங்கே உங்கள் 4 மி.மீ. ஒரு தடித்த பனியன்தான்.

உள்ளே வெஸ்ட் போடுவதும் உதவாது. துணி ஒட்டிய இரண்டு அடுக்குக்கு நடுவே தண்ணீர் ஓடும். முதுகு ஜிப் வழியாகவும் ஒவ்வொரு முங்கலுக்கும் ஒரு கை தண்ணீர் உள்ளே வரும். நெஞ்சு இறுகி மூச்சை முழுதாக இழுக்கவும் முடியாது.

வாங்கவேண்டியது இது: ஜிப் இல்லாத இரண்டு துண்டு சூட். உள்பக்கம் ஓப்பன் செல், அதாவது துணி ஒட்டாத வெறும் நியோப்ரீன். தோலோடு அட்டை மாதிரி ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் ஓட இடமே இருக்காது. வெளிப்பக்கம் நைலான். வெளியேயும் வழவழ ரப்பராக இருப்பது காற்றில் சீக்கிரம் காயும், கதகதப்பும் கூடுதல்தான். ஆனால் நம் பாறையிலும் கடல்முள்ளெலியிலும் ஒரே பருவத்தில் கிழிந்துவிடும். மேல்சட்டையோடு தலையை மூடும் ஹூட் சேர்ந்தே வரவேண்டும், தனி ஹூட் வேண்டாம். கீழே இடுப்போடு நிற்கும் பேன்ட் இல்லாமல் தோள்வரை ஏறும் லாங் ஜான். அப்போது நெஞ்சிலும் முதுகிலும் 7-க்கு மேல் 7, மொத்தம் 14 மி.மீ. கிடைக்கும். கை காலுக்கு 7 மட்டும். சூடு வேண்டிய இடம் உடம்புதான்.

உப்புத்தண்ணி:

கெல்ப்காடு சொன்னதில் பெரும்பகுதி சரி. ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். மி.மீ. இரண்டாவது கேள்வி, பொருத்தம்தான் முதல் கேள்வி. முதுகுக் குழியில் ஒரு உள்ளங்கை அளவு இடைவெளி இருக்கிற 7 மி.மீ.யைவிட, எங்கும் இடைவெளி இல்லாத 5 மி.மீ. லாங் ஜான் கதகதப்பாக இருக்கும். 5-க்கு மேல் 5 போட்டால் உடம்பில் 10 மி.மீ. நெஞ்சு எளிதாக விரியும், துப்பாக்கி ரப்பரை இழுத்து மாட்டும்போது தோள் தடுக்காது, மிதப்பை ஈடுகட்ட இடுப்பில் கட்டும் ஈயமும் குறையும்.

முங்கும்போது தலைகீழாகத் திரும்புகிறோம் அல்லவா, அந்த நொடியில் சூட்டுக்குள் காலியாக இருக்கிற இடமெல்லாம் பம்பு மாதிரி வேலை செய்யும். சூடாகியிருந்த தண்ணீரை வெளியே தள்ளி, புதுத் தண்ணீரை இழுக்கும். ஒரு மணி நேரத்தில் 25 முங்கல் என்றால் 25 தடவை. நியோப்ரீன் எவ்வளவு தடித்திருந்தாலும் இதற்கு ஈடுகொடுக்காது.

போட்டுப் பார்க்கும்போது கவனிக்கவேண்டியவை: முதுகுக் குழி, அக்குள், தொடையிடுக்கு, முழங்காலின் பின்பக்கம். முதுகுக் குழியில் உள்ளங்கையை வைத்து அமுக்கினால் காற்று நகரும் சத்தம் வரக்கூடாது. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே நீட்டிச் சேருங்கள். தொடையிடுக்கில் சட்டை பலமாக இழுத்தால் உடல்நீளம் போதவில்லை. முழுமூச்சு இழுத்துப் பாருங்கள், விலா விரிய வேண்டும். கழுத்துதான் மிகமிக முக்கியம். தரையில் ஐந்து நிமிடம் ஹூட்டோடு நில்லுங்கள். முகம் கனக்கிற மாதிரியோ தலை லேசாகச் சுற்றுகிற மாதிரியோ இருந்தால் அந்தச் சூட் வேண்டாம். கழுத்து நாளத்தை அழுத்தினால் துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கும். தம் கட்டுகிறவருக்கு அது ஆபத்து. மற்ற இடங்களில் தரையில் கொஞ்சம் இறுக்கமாக இருப்பதுதான் சரி, தண்ணீரில் இளகும்.

ஓப்பன் செல்லைக் கடையில் வெறும் உடம்போடு மாட்ட முடியாது, சோப்புத் தண்ணீரும் விடமாட்டார்கள். கொஞ்சம் டால்கம் பவுடரும் காலுக்கு ஒரு பிளாஸ்டிக் பையும் கொண்டுபோங்கள்.

ஏற்கெனவே சூட் வைத்திருப்பவர்கள், குளிர் எங்கே நுழைகிறது என்று கவனித்தால் குறை தெரிந்துவிடும். முங்கும்போது பிடரியிலிருந்து முதுகெலும்பு வழியாக ஒரு கோடு ஜில்லென்று இறங்கினால் முகத்தைச் சுற்றிய ஹூட் விளிம்பு ஒட்டவில்லை. தாடி, முடி, மாஸ்க் விளிம்பு ஏதோ இடையில் இருக்கிறது. முழங்கைவரை குளிர்ந்தால் மணிக்கட்டு. இடுப்பில் மட்டும் குளம் கட்டினால் அளவே தப்பு.

உங்கள் விஷயத்தில், ஒரே சூட், ஏப்ரலிலேயே ஆரம்பம், இரண்டு மணி நேரம், குளிர் தாங்காத உடம்பு. அதனால் நானும் 7 என்றுதான் சொல்வேன். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மட்டும் என்றால் 5 சொல்லியிருப்பேன்.

புதுமுக்குளி:

இருவருக்கும் நன்றி. போட்டுப் பார்த்தேன். ஒரே மாடலில் மீடியம், லார்ஜ் இரண்டும் 7 மி.மீ. மீடியத்தில் எங்கும் இடைவெளி இல்லை, ஆனால் மூச்சு முழுதாக இழுக்கக் கஷ்டம். லார்ஜில் மூச்சு சுலபம், முதுகுக் குழியில் இரண்டு விரல் போகிறது. எதை எடுப்பது? நியோப்ரீனுக்கு 38, 39, 45 என்று எண் போடுகிறார்களே, அதைப் பார்க்கவேண்டுமா? அடுத்தது ஈயம். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று கடையில் சொன்னார்கள். அப்படியென்றால் 8 கிலோ. சரியா?

உப்புத்தண்ணி:

அந்த இரண்டும் வேண்டாம். அந்த மாடலின் வெட்டு உங்கள் உடம்புக்கு ஒத்துவரவில்லை. வேறு கம்பெனியின் மீடியம் பாருங்கள், ஒவ்வொருவரும் மார்புக்கும் இடுப்புக்கும் வேறு விகிதம் வைப்பார்கள். கிடைக்காவிட்டால் அளவு கொடுத்துத் தைப்பதுதான் வழி. அளவை நீங்களே எடுக்காதீர்கள். குனிந்து டேப்பைப் பார்த்தாலே மார்பளவு மாறிவிடும். இன்னொருவர் எடுக்கவேண்டும், வெறும் உடம்பின்மேல், டேப் தோலைத் தொடவேண்டும், அழுத்தக்கூடாது. மார்பளவை மூச்சை இயல்பாக விட்ட நிலையில் எடுத்து, முழுமூச்சில் எவ்வளவு கூடுகிறது என்பதையும் குறிப்பில் எழுதுங்கள்.

அந்த எண்கள் ஜப்பானின் யமமோட்டோ நியோப்ரீனுக்கானவை. 45 மிக மிருது, போடச் சுலபம், நெஞ்சு தாராளமாக விரியும். ஆனால் ஆழத்தில் அதிகம் அமுங்கும், சீக்கிரம் தளரும். 38, 39 கொஞ்சம் கெட்டி, நீண்டநாள் உழைக்கும். நீங்கள் 10 மீட்டர் தாண்டப்போவதில்லை, பாறையோடு உரசல் அதிகம். 38 அல்லது 39 போதும். எண் போடாத நியோப்ரீன் என்றால் கையில் பிசைந்து பாருங்கள், மடித்து விட்டால் கோடு விழாமல் உடனே நிமிரவேண்டும்.

ரப்பர்பெல்ட்:

ஈயத்தைப் பற்றி நான் எழுதுகிறேன். இதில் தவறு செய்தால் குளிரோடு முடியாது, உயிரே போகும்.

பத்தில் ஒரு பங்கு என்பது எந்தச் சூட் என்றே கேட்காத கணக்கு. மிதப்பைத் தருவது உங்கள் உடம்பைவிட அதிகமாகச் சூட்டும் நுரையீரலும்தான். முதலில் சூட்டை மட்டும் அளந்துவிடுங்கள். குளியல் தொட்டியை நிரப்பி, சட்டையையும் லாங் ஜானையும் தண்ணீருக்குள் நன்றாகப் பிசைந்து காற்றை வெளியேற்றி, ஒரு வலைப் பையில் சுருட்டாமல் அடைத்து, ஈயக் கட்டிகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். பை மெதுவாக அமிழத் தொடங்கும்போது உள்ளே இருக்கிற ஈயம்தான் சூட்டின் மிதப்பு. உங்கள் அளவுக்கு 7 மி.மீ. லாங் ஜான் 9, 10 கிலோ காட்டினால் ஆச்சரியப்படாதீர்கள். அதுவே உங்கள் தொடக்கப்புள்ளி, முடிவல்ல.

இப்போது சிக்கலைப் பாருங்கள். 10 மீட்டரில் சூட்டின் மிதப்பில் பாதிக்கு அருகில் வரை போய்விடும். 6 லிட்டர் மூச்சு இழுத்திருந்தால் அது 3 லிட்டராகும், அதில் இன்னொரு 3 கிலோ மிதப்பு போச்சு. மேலே பலமாக மிதக்கிறவர் கீழே கல்லாகிறார். 7 மி.மீ.யோடு முதல் மூன்று மீட்டர் இறங்குவது கஷ்டம் என்பதால் எல்லோரும் செய்கிற தவறு, இன்னும் 2 கிலோ கூட்டிக்கொள்வது. இறங்குவது சுகமாகிவிடும். ஏறுவதுதான் பிரச்சினை, அதுவும் ஆக்சிஜன் தீர்ந்த கடைசி நொடிகளில். இறங்கக் கஷ்டமாக இருந்தால் தலைகீழாகத் திரும்பும் முறையைச் சரிசெய்யுங்கள். இடுப்பை மடக்கி, கால்கள் இரண்டும் நேராக வானம் பார்க்க நின்றால், காலின் எடையே, காலில் மாட்டிய ஃபின் (நீச்சல் துடுப்பு) தண்ணீருக்குள் போகும்வரை தள்ளும். ஈயத்தைக் கூட்டாதீர்கள்.

சோதனை இரண்டு. மான்டரேயில் சான் கார்லோஸ் பீச்சில் செய்யலாம், மணல் தரை, இறங்க எளிது. அது எட்வர்ட் எஃப். ரிக்கெட்ஸ் பாதுகாப்புப் பகுதிக்குள் வருகிறது, ஈட்டி மீன்பிடிக்க அனுமதி இல்லை. அதனால் துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு, துணைக்கு ஒருவரோடு போங்கள்.

ஒன்று, மேலே செங்குத்தாக நின்று, ஃபின் அசைக்காமல், மூச்சை அழுத்தாமல் இயல்பாக விடுங்கள். வாயும் மூக்கும் தண்ணீருக்கு மேலேயே நிற்கவேண்டும். மூழ்கினால் ஈயம் அதிகம், ஒவ்வொரு அரைக் கிலோவாக எடுங்கள். மேலே வந்தபின் நினைவு தப்புகிறவர் மூச்சை விட்டுவிடுவார். அந்த நிலையிலும் சூட் அவரை மேலே பிடித்து வைக்கவேண்டும் என்பதுதான் இதன் பொருள்.

இரண்டு, மிதவையில் கட்டிய கயிற்றைப் பிடித்து முழுமூச்சோடு இறங்கி, 10 மீட்டரில் கையை விடுங்கள். ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. 5 மீட்டரில் விட்டால் தானாக மெல்ல மேலே வரவேண்டும். இரண்டு சோதனையும் முரண்பட்டால், முதலாவது சொல்வதைக் கேளுங்கள்.

பெல்ட் ரப்பரில் இருக்கவேண்டும். நைலான் பெல்ட் மேலே இறுக்கமாக இருக்கும், சூட் மெலிந்ததும் கீழே லொடலொடவென்று நழுவி, தலைகீழாக இருக்கும்போது அக்குளுக்கு வந்துவிடும். ரப்பர் பெல்ட் சூட்டோடு சேர்ந்து சுருங்கும். அதை இடுப்பெலும்பின்மேல் கட்டுங்கள், வயிற்றின்மேல் அல்ல, வயிறு மூச்சுக்கு வேண்டும். பக்கிள் எதுவானாலும், 5 மி.மீ. க்ளவுஸ் போட்ட இடது கையால் ஒரே இழுப்பில் கழல வேண்டும், அப்படியே வலது கையாலும். கரையில் கண்ணை மூடிப் பத்துத் தடவை செய்து பாருங்கள். பெல்ட்டின் வால் எட்டு விரற்கடைக்கு மேல் நீளமாக இருந்தால் வெட்டிவிடுங்கள், கெல்ப்பில் சிக்கும்.

10 கிலோவும் இடுப்பில் தொங்கினால் அரைமணி நேரத்தில் முதுகு வலிக்கும். 3 கிலோவை முதுகில் மாட்டும் வெயிட் வெஸ்ட்டுக்கு மாற்றலாம். அதற்குமேல் வேண்டாம். அவசரத்தில் உதறமுடிவது பெல்ட் மட்டும்தான். பெரும்பங்கு எப்போதும் அங்கே இருக்கவேண்டும்.

சூட் மாறினால், பழசானால், மறுபடி சோதியுங்கள். குமிழிகள் தளர்ந்துபோன பழைய 7 மி.மீ. புதிய 5 அளவுக்குத்தான் மிதக்கும், அதே அளவுக்குத்தான் சூடும் தரும். போன வருஷ ஈயம் இந்த வருஷம் அதிகமாகிவிடும்.

பேர்கன்காரன்:

நான் நோர்வே மேற்குக் கரையில சுழியோடுறனான். இஞ்ச பெப்ரவரி, மார்ச்சில தண்ணி 5 பாகைக்கு வரும், அப்ப 7 மி.மீ.யும் சிலருக்குக் காணாது. உங்கட 10 பாகைக்கு 7 வடிவாக் காணும். ஆனா சூட்டைப் பற்றியே எல்லாரும் கதைக்கினம், இரண்டு மணித்தியாலம் எண்ட கணக்கை முடிக்கிறது கையும் காலும்தான்.

கைக்கு ஏப்ரல் முதல் ஜூலை வரை 5 மி.மீ., பிறகு 3 போடுங்கோ. ஓப்பன் செல் கையுறை எண்டா நல்லம். வாங்க முதல் துவக்கைக் கொண்டுபோய், கையுறை போட்ட விரல் விசைக் காவலுக்குள்ள தாராளமாப் போகுதோ எண்டு பாருங்கோ. கன துவக்குகளில 5 மி.மீ. விரல் உள்ள போனதும் விசையிலயே முட்டிக்கொண்டு நிக்கும். விறைச்ச விரலுக்கு விசை தெரியாது, அம்பு போனபிறகுதான் தெரியும். முட்டுதெண்டா அந்தக் கைக்கு மட்டும் 3 மி.மீ. போடுங்கோ, மற்றக் கைக்கு 5. கையுறையின்ர வாய் சூட்டுக் கைக்கு உள்ளுக்குப் போகவேணும், வெளியில விட்டா வாளி மாதிரித் தண்ணி அள்ளும்.

காலுக்கு 5 மி.மீ. காலுறை. இப்ப இருக்கிற ஃபின் வெறுங்காலுக்கு எடுத்ததெண்டா அதுக்குள்ள போகாது. அமத்திப் போட்டுப் பழகலாம் எண்டு நினைக்காதேங்கோ. ரத்த ஓட்டம் குறைஞ்சா இன்னும் கெதியா விறைக்கும், கெண்டைக்கால் பிடிச்சு இழுக்கும். காலுறையை முதல் வாங்கி, அதோட ஃபின்னைப் போட்டுப் பார்த்து எடுங்கோ.

ஹூட் இறுக்கமா இருக்கேக்க காதுக்கும் ரப்பருக்கும் இடையில காத்து அடைபடும். கீழ போகேக்க அந்தக் காத்துச் சுருங்கிச் செவிப்பறையை வெளிப்பக்கமா இழுக்கும். நீங்கள் மூக்கைப் பிடிச்சு எவ்வளவு ஊதினாலும் நோ போகாது, கூடும். முதல் முங்கலுக்கு முதல் ஹூட் விளிம்பை விரலால தூக்கி இரண்டு காதுக்கும் தண்ணி விடுங்கோ. அதுவும் சுடுதண்ணியா இருந்தா இன்னும் நல்லம். ஒரு காதுக்கு மட்டும் குளிர்தண்ணி திடீரெண்டு போனாத் தலை சுத்தும், அது சுழியோடேக்க வந்தா எது மேல எது கீழ எண்டு தெரியாது.

சூட் போடுற முறை. ஒரு லீற்றர் போத்தலில ஒரு பங்கு தலைமயிர்க் கண்டிஷனருக்குப் பத்துப் பங்கு சுடுதண்ணி. கை பொறுக்கிற சூடு, கொதி வேண்டாம். லாங் ஜானுக்குள்ள பாதியை ஊத்தி, இரண்டு காலிலயும் ஓட விட்டு, நகத்தால இழுக்காம விரலின்ர சதையால கொஞ்சம் கொஞ்சமா மேல ஏத்துங்கோ. வெற்றுச் சூட்டை எப்பவும் கொத்தாப் பிடியுங்கோ, நுனியில பிடிச்சு இழுத்தாக் கிழியும். சட்டைக்கு முதல் இரண்டு கையும், பிறகு தலை. தலை போகேக்க மூச்சை அடக்கி, நாடியை நெஞ்சோட ஒட்டி வையுங்கோ. பெற்றோலிய ஜெலி பூசாதேங்கோ, ரப்பரை அது தின்னும்.

சோனோமாப் பக்கம் மலைச்சரிவால கன தூரம் இறங்கவேணும் எண்டு கேள்வி. அப்பிடியெண்டா லாங் ஜானோட மட்டும் இறங்குங்கோ, சட்டையும் போத்தலும் பையில. 14 மி.மீ.யோட வெயிலில நடந்து வேர்த்துக் களைச்சுப்போய்த் தண்ணிக்குள்ள இறங்கினா இதயம் படபடவெண்டு அடிக்கும், முதல் அரை மணித்தியாலம் மூச்சு நிக்காது.

இறங்கினதும் முதல் முகத்தை இரண்டு நிமிசம் தண்ணிக்குள்ள வைச்சுப் பழக்குங்கோ, நெற்றி இடி குறையும். பிறகு நடுக்கம். முதல் நடுக்கம் வந்த உடன கரைக்குத் திரும்புங்கோ. நடுங்கிற தசை ஒக்சிசனைத் தின்னும், வழமையா ஒரு நிமிசம் நிக்கிறவர் அரை நிமிசத்தில முடிஞ்சுபோவார், ஆனா மனம் பழைய கணக்கிலயே நிக்கும். குளிருக்குச் சிறுநீரும் கன தரம் போகும், உடம்பில தண்ணி குறையும், தசை பிடிக்கும். கரையில ஒரு போத்தல் தண்ணியும் சுடச்சுட ஏதும் குடிக்கவும் வையுங்கோ. வெளியில வந்தபிறகும் உடம்பின்ர உள்வெப்பம் கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டே போகும். காத்துக்கு ஒதுங்கி, சூட்டைக் கழட்ட முதல் மேல ஒரு காத்துத் தடுப்பு அங்கி போடுங்கோ. நைலான் ஈரம் காயேக்கதான் கூடக் குளிரும். உடனே வாகனத்தை எடுக்காதேங்கோ, விரலுக்கு உணர்வு திரும்பட்டும்.

புதுமுக்குளி:

இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை, மிக்க நன்றி. அளவு கொடுத்தே தைக்கச் சொல்லிவிட்டேன்: 7 மி.மீ., லாங் ஜான், உள்ளே ஓப்பன் செல், வெளியே நைலான், 39. நெஞ்சில் துப்பாக்கி ஊன்றும் மெத்தை வைக்கலாமா என்று கேட்கிறார்கள். கடைசியாக ஒன்று, கிழிந்தால் நானே ஒட்டமுடியுமா?

கெல்ப்காடு:

மெத்தை வையுங்கள், கட்டாயம். ரப்பர் இழுத்து மாட்டும்போது துப்பாக்கிக் கட்டை நெஞ்செலும்பில்தான் நிற்கும். மெத்தை இல்லாவிட்டால் அந்த ஒரே இடத்தில் நியோப்ரீன் நசுங்கித் தட்டையாகிவிடும். முழங்கால், முழங்கையிலும் தேய்மானத்துக்கு ஒட்டு கேளுங்கள். கேபசானுக்காகப் பாறையில் முட்டிபோட்டுப் பிளவைப் பார்ப்பீர்கள், அங்கேதான் முதலில் தேயும்.

கிழிசல் வரும், பயப்படவேண்டாம். ஓப்பன் செல்லில் வழக்கமாக வருவது நகம் பட்ட பிறை வடிவக் கீறல், உள்பக்கம் மட்டும். முதல் நாளே ஒட்டினால் பத்து நிமிட வேலை, விட்டால் அடுத்த தடவை போடும்போது ஒரு விரல் நீளத்துக்கு ஓடும். நல்ல தண்ணீரில் கழுவி முழுதாகக் காயவையுங்கள், கண்டிஷனர் ஒட்டியிருந்தால் பசை பிடிக்காது. நியோப்ரீன் சிமென்ட்டைக் கீறலின் இரண்டு உதட்டிலும் மெலிதாகத் தடவி, ஒட்டாமல், ஐந்து முதல் பத்து நிமிடம் காயவிடுங்கள். இரண்டாவது பூச்சு, மறுபடி காயவிடுங்கள். தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வந்ததும் விளிம்புக்கு விளிம்பு பொருத்தி அழுத்துங்கள். ஒரு தடவை தொட்டால் பிரிக்க முடியாது, ஆகவே நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். ஈரப்பசையிலேயே ஒட்டினால் மேலே மட்டும் பிடித்து உள்ளே பிரிந்துவிடும். 24 மணி நேரம் தொடாதீர்கள். கிழிசல் வெளி நைலானையும் தாண்டியிருந்தால், ஒட்டியபின் நைலானை மட்டும் நூலால் இழுத்துத் தையுங்கள். ஊசி ரப்பரைத் துளைத்து உள்ளே வரக்கூடாது.

காயவைப்பது நிழலில், முதலில் உள்பக்கம் வெளியே திருப்பி, பிறகு மறுபக்கம். அகலமான தோள் உள்ள ஹேங்கரில் தொங்கவிடுங்கள். மடித்து அலமாரியில் வைத்தால் மடிப்பில் குமிழிகள் நசுங்கி ஒரு கோடு நிரந்தரமாக விழும், ஏப்ரலில் அந்தக் கோட்டில்தான் குளிர் தெரியும். வண்டியின் பின்பெட்டியில் ஈரத்தோடு வெயிலில் விட்டுவிடாதீர்கள். ஓப்பன் செல் உள்ளுக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் தோலோடு வரும். நீண்டநாள் எடுக்கமாட்டீர்கள் என்றால் உள்ளே லேசாக டால்கம் தூவுங்கள்.

சூட் வந்ததும் ரப்பர்பெல்ட் சொன்ன தொட்டிக் கணக்கைச் செய்து, எத்தனை கிலோ வந்தது என்று இங்கே எழுதுங்கள். மற்றவர்கள் எல்லோரும் லார்ஜ் காரர்கள், உங்கள் அளவுக்கு 39-இல் தைத்த 7 மி.மீ. எண் இந்த இழையில் இதுவரை இல்லை.